பனிக்குடம் ஏன் முன்கூட்டியே உடைகிறது?

மாதம் நிறைவதற்குள் நீர் உடையும் கர்ப்பங்களுக்கும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களுக்கும் என்ன தொடர்பு? மைசூரு கிராமங்களில் கிடைத்த கணக்கும், உலக ஆய்வுகள் தரும் எச்சரிக்கையும்

மைசூரு நகரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது ஹெப்பாள். ஒரு பக்கம் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகம். இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை. இடையில், தூர் வாரிச் சீரமைக்கப்பட்ட ஹெப்பாள் ஏரி. நகரைச் சுற்றும் ரிங் ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கிராமங்கள் தொடங்கிவிடுகின்றன. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண், மெஷின் முன்னால் நிற்கும் பெண், ராகிக் கொல்லையில் குனிந்து களை எடுக்கும் பெண் என மூவரும் சில கிலோமீட்டருக்குள் வாழும் இடம் இது. மூவருக்கும் சம்பளம் வேறு, சாப்பாடு வேறு, போய்ப் பார்க்கும் டாக்டரும் வேறு. ஆனால் எட்டாம் மாதத்தில் ஒரு ராத்திரி, வலி ஏதும் இல்லாமலேயே கால் வழியாகத் தண்ணீர் இறங்கினால், மூவருக்கும் ஒரே பயம்தான்.

‘குடத்தைத் தூக்கினாயா?’, ‘ஆட்டோவில் குலுங்கினாயா?’, ‘பப்பாளி சாப்பிட்டாயா?’ என்று வீட்டில் ஆளுக்கொரு விசாரணை நடக்கும். பெரும்பாலும் இதில் எதுவும் காரணமாக இருக்காது. பனிக்குடத்தின் சவ்வு ஒரே நாளில் கிழிந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வலுவிழந்து, கடைசியில் ஒரு நாள் உடைகிறது. அந்த வலுவிழப்பைத் தொடங்கிவைப்பவற்றில் ஒன்று, பிறப்புறுப்புப் பாதையில் வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது என்று பல ஆண்டு கால ஆய்வுகள் சொல்கின்றன.

எத்தனை பேருக்கு?

37 வாரம் முடிவதற்கு முன்பு, பிரசவ வலி தொடங்காமலேயே பனிக்குடம் உடைவது நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் நடக்கிறது. சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் குறைப்பிரசவங்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்கு இதுதான் ஆரம்பப் புள்ளி. 2020-இல் உலகில் 1.34 கோடிக் குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு குறைப்பிரசவங்கள் இல்லை.

பனிக்குடம் உடைந்துவிட்டால் இரண்டு ஆபத்துகள் ஒன்றாக வருகின்றன. முதலாவது, நேரம். இப்படி நீர் உடைந்த பெண்களில் பாதிப் பேருக்காவது ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடுகிறது. குழந்தையின் நுரையீரல் அதற்குத் தயாராக இருப்பதில்லை. இரண்டாவது, தொற்று. சவ்வு என்ற தடுப்பு போனபிறகு, கீழிருந்து கிருமிகள் கருப்பைக்குள் ஏறுவது சுலபம். தாய்க்குக் காய்ச்சல், குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி என்று நிலைமை சில மணி நேரங்களில் மாறிவிடலாம்.

நல்ல பாக்டீரியா, அமிலம், சர்க்கரை

1892-இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர், ஆரோக்கியமான பெண்களின் பிறப்புறுப்புத் திரவத்தில் குச்சி குச்சியாக ஒரு பாக்டீரியா நிறைந்திருப்பதைப் பதிவு செய்தார். இன்று லாக்டோபேசில்லஸ் என்று அழைக்கப்படும் இனம் அது. பெண் பருவமடைந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைகோஜன் என்ற சர்க்கரையைச் சேமிக்கச் செய்கிறது. அது உடைந்து கிடைக்கும் சர்க்கரையைத் தின்று இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலத்தால் அங்கே பி.ஹெச். அளவு 4.5-க்குக் கீழே நிற்கிறது. தொந்தரவு தரும் பல கிருமிகளால் அந்தப் புளிப்பில் பெருக முடியாது.

கர்ப்பக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால், பெரும்பாலான பெண்களுக்கு இந்தக் கூட்டம் இன்னும் வலுவாகிறது.

எல்லா லாக்டோபேசில்லஸும் ஒன்றல்ல. 2011-இல் அமெரிக்காவின் ஜாக் ராவெல் குழு 396 பெண்களின் மாதிரிகளை மரபணு வரிசைப்படுத்தும் முறையில் ஆராய்ந்து, ஐந்து வகைக் கூட்டங்களைப் பிரித்துக் காட்டியது. நான்கு வகைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் கோலோச்சுகிறது. அவற்றுள் கிரிஸ்பேட்டஸ் என்ற இனம் மிக உறுதியானது. இருக்கும் இடத்தை எளிதில் விடாது. ஐனர்ஸ் என்ற இனமோ எந்தப் பக்கமும் சாயக்கூடியது. ஐந்தாவது வகையில் லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா, ஸ்னீதியா போன்ற பல இனங்கள் கலந்திருக்கும். அந்த ஆய்வில் இருந்த ஆசிய வம்சாவளிப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கலப்பு வகை இருந்தது. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கலப்பு இருந்தாலே நோய் என்று முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதுவே சான்று.

கலப்பு முற்றி, அமிலம் குறைந்து, கெட்ட வாடையுடன் வெள்ளைப்படும் நிலையை மருத்துவர்கள் பாக்டீரியல் வஜினோசிஸ் என்கிறார்கள். சுருக்கமாக பி.வி. இது பால்வினை நோய்ப் பட்டியலில் இல்லை. பி.வி. உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அறிகுறியே இருக்காது.

சவ்வு எப்படி நைகிறது?

பனிக்குடம் இரண்டு மெல்லிய படலங்களால் ஆனது. அவற்றுக்கு வலுவைத் தருவது கொலாஜன் என்ற புரத நார். பி.வி. பாக்டீரியாக்கள் சில, கருப்பை வாயை அடைத்திருக்கும் சளியைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அந்தச் சளி இளகினால் கிருமிகளோ அவற்றின் கழிவுகளோ மேலே ஏற வழி கிடைக்கிறது. உடனே உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே குவிந்து அழற்சியைக் கிளப்புகின்றன. அப்போது உருவாகும் சில நொதிகள் கொலாஜன் நாரை அரிக்கத் தொடங்குகின்றன. கூடவே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையைச் சுருங்கத் தூண்டுகிறது. கிருமியை விரட்ட உடல் நடத்தும் சண்டையில்தான் சவ்வுக்கு அதிகச் சேதம் ஏற்படுகிறது.

2018-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வுக் குழு இதற்கு ஒரு நேரடிச் சான்றைத் தந்தது. கர்ப்பிணிகளிடமிருந்து மாதங்கள் நெடுகப் பஞ்சுக்குச்சி மாதிரிகளை எடுத்துச் சேமித்தார்கள். பிறகு யாருக்குப் பனிக்குடம் முன்கூட்டி உடைந்தது என்று பார்த்துப் பின்னோக்கிச் சோதித்தார்கள். அப்படி உடைந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்கு, உடைவதற்கு முன்பே லாக்டோபேசில்லஸ் குறைந்திருந்தது. மாதம் நிறைந்து பெற்றவர்களிடம் அந்த நிலை காணப்படவில்லை.

இந்தக் கணக்கின் மறுபாதியையும் சேர்த்தே படிக்க வேண்டும். மற்ற மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு பாக்டீரியாக் கூட்டம் ஒழுங்காகவே இருந்தது. ஆனாலும் பனிக்குடம் உடைந்தது. முந்தைய குறைப்பிரசவம், குட்டையான கருப்பை வாய், கர்ப்பத்தில் ரத்தக் கசிவு, சிறுநீர்த் தொற்று, இரட்டைக் குழந்தை, அதிகப் பனிக்குடநீர், புகை என்று காரணங்கள் பல. நுண்ணுயிர் அவற்றில் ஒன்று.

வேனில் வந்த ஆய்வகம்

மைசூருக்கும் பிரசவ ஆராய்ச்சிக்கும் பழைய உறவு உண்டு. நகரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிவேடுகளைப் புரட்டி, அதில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, பிறந்தபோதைய எடைக்கும் பிற்கால இதய நோய், சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். உலக மருத்துவ இதழ்களில் மைசூரின் பெயர் இடம்பெற்றது இப்படித்தான்.

நுண்ணுயிர்ப் பக்கம் கவனத்தைத் திருப்பியது, மருத்துவர் பூர்ணிமா மாதிவாணனும் கார்ல் க்ரப்பும் இணைந்து மைசூரில் தொடங்கிய இந்தியப் பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம். 2005 அக்டோபர் முதல் 2006 டிசம்பர் வரை, மைசூரின் இரண்டு மகளிர் நல கிளினிக்குகளில் 15 முதல் 30 வயதுக்குட்பட்ட 898 பெண்கள் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். சாயமேற்றிச் சோதிக்கக் கிடைத்த 863 மாதிரிகளில் 165-இல் பி.வி. இருந்தது. அதாவது 19.1 சதவீதம். இன்னும் 133 பேர் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தார்கள்.

அடுத்த கட்டம் கிராமங்கள். 2008 முதல் 2011 வரை மைசூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இரண்டு நடமாடும் மருத்துவ வேன்கள் போயின. வாரம் முழுக்கக் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நகர ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போய்வருவது என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் செலவு, கூட வர ஒரு ஆள். வேன் ஊருக்கே வந்தால் இந்த மூன்றும் மிச்சம். ரத்தசோகை, சர்க்கரை, சிறுநீரில் புரதம், எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றோடு பி.வி. சோதனையும் ஒரே வருகையில் நடந்தது. கேள்விகள் எல்லாம் கன்னடத்தில்.

மொத்தம் 3,545 கர்ப்பிணிகளுக்கு இந்தச் சேவை அளிக்கப்பட்டது. எச்.ஐ.வி. 22 பேருக்கு. ஹெப்படைட்டிஸ் பி 19 பேருக்கு. சிபிலிஸ் இரண்டே பேருக்கு. பி.வி. 250 பேருக்கு. அரசும் தொண்டு நிறுவனங்களும் அந்த ஆண்டுகளில் எச்.ஐ.வி.க்குக் கொட்டிய பணத்தையும் கவனத்தையும் நினைத்துப் பார்த்தால், அதைவிடப் பத்து மடங்கு அதிகமாக இருந்த பி.வி.யைப் பற்றி யாரும் பேசாததன் காரணம் புரியும்: யாரும் தேடவில்லை. இதே வேன்களில் மிதமான, கடுமையான ரத்தசோகை 1,755 பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது தனிக் கதை. பாதிக்குப் பாதி!

ஒரு சொட்டு, ஒரு காகிதம், ஒரு நுண்ணோக்கி

மரபணு வரிசைப்படுத்தலுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். பி.வி.யைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை. பஞ்சுக்குச்சியில் எடுத்த திரவத்தைப் பி.ஹெச். காகிதத்தில் தேய்த்தால் நிறம் மாறும்; 4.5-ஐத் தாண்டினால் முதல் சந்தேகம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு முகர்ந்தால் மீன் வாடை அடிக்கும். பிறகு நுண்ணோக்கி. நலமான செல்லின் விளிம்பு கத்தரித்தது போலத் தெளிவாகத் தெரியும். பி.வி. உள்ள பெண்ணின் செல்லோ மிளகு அப்பளம் போல மேலெல்லாம் பாக்டீரியாப் புள்ளிகள் ஒட்டி, விளிம்பே மங்கிக் கிடக்கும். இவற்றுடன் மெல்லிய சாம்பல் வெள்ளைத் திரவத்தையும் சேர்த்து, நான்கில் மூன்று இருந்தால் பி.வி. என்ற வரையறை 1983 முதல் இருக்கிறது. சாயமேற்றிய தகட்டைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் நியூஜென்ட் முறை 1991-இல் வந்தது. ஏழோ அதற்கு மேலோ வாங்கினால் பி.வி.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் செய்துவிடக்கூடிய வேலைதான் இது.

மாத்திரை கொடுத்தால் தீர்ந்ததா?

இங்கேதான் கதை திரும்புகிறது. பி.வி. இருந்தால் குறைப்பிரசவ ஆபத்து கூடும், பி.வி.யை மெட்ரோனிடசோல், கிளின்டாமைசின் மருந்துகள் குணப்படுத்தும். அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதித்து மருந்து கொடுத்தால் குறைப்பிரசவம் குறைய வேண்டும் அல்லவா?

குறையவில்லை. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறிகுறி இல்லாத பி.வி. உள்ள 1,953 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு மெட்ரோனிடசோல், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. இரு தரப்பிலும் குறைப்பிரசவம் ஏறக்குறைய ஒன்றே. வட பிரான்சில் இன்னும் பெரிய முயற்சி நடந்தது. 84,530 கர்ப்பிணிகளைச் சோதித்து, பி.வி. இருந்த, ஆனால் மற்ற ஆபத்துகள் குறைந்த 2,869 பேரிடம் கிளின்டாமைசினையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 2018-இல் முடிவு வந்தது. தாமதக் கருச்சிதைவும் மிக முன்கூட்டிய பிரசவமும் மருந்து சாப்பிட்டவர்களில் 1.2 சதவீதம், சாப்பிடாதவர்களில் 1.0 சதவீதம். ஆபத்து குறைந்த, அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளை பி.வி.க்காகச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2020-இல் சொன்னதற்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஆன்டிபயாடிக் கெட்ட பாக்டீரியாவைக் கொல்லும். நல்லதைக் கொண்டுவந்து குடியமர்த்தாது. சில வேளை நல்லதையும் சேர்த்துக் கொல்லும். பனிக்குடம் உடைந்த பெண்களுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் எரித்ரோமைசின், லாக்டோபேசில்லஸ் நிறைந்திருந்த பெண்களிடம் அந்தக் கூட்டத்தையே குறைத்துவிட்டதை லண்டன் குழு கண்டது. அதற்காக அந்த மருந்தை நிறுத்திவிட முடியாது. 4,826 பெண்கள் பங்கேற்ற ஆரக்கிள் ஆய்வு, நீர் உடைந்த பிறகு எரித்ரோமைசின் கொடுத்தால் குழந்தைக்கு நன்மை உண்டு என்று 2001-இல் காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு ஆன்டிபயாடிக் கலவையான கோ-அமாக்ஸிக்ளாவ், குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோயைக் கூட்டியது. எந்த மருந்து, எப்போது, யாருக்கு என்பதில் சிறு பிசகும் பெரிய விலை கேட்கும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிப் போடும் விஷயமே அல்ல இது.

அறிகுறி இருப்பவர்களின் நிலை வேறு. வாடை, அரிப்பு, நிறம் மாறிய வெள்ளைப்படுதல் இருந்தால் கர்ப்பத்திலும் பி.வி.க்கு சிகிச்சை உண்டு. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு என்ன செய்வது என்பதை மகப்பேறு மருத்துவர் தனியாக முடிவு செய்வார்.

தயிர் போதுமா?

லாக்டோபேசில்லஸ் என்றதும் நம் வீடுகளில் கைகாட்டப்படுவது தயிர்ப் பாத்திரம். தயிர் நல்ல உணவு. கர்ப்பிணிக்குப் புரதமும் கால்சியமும் தரும். ஆனால் பாலைத் தயிராக்கும் இனங்கள் வேறு, பிறப்புறுப்பில் நிலைத்து வாழும் கிரிஸ்பேட்டஸ் வேறு. தயிர் சாப்பிட்டால் பனிக்குடம் காக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. தயிரைப் பிறப்புறுப்பில் வைப்பது அபத்தமான ஆபத்து. கடைகளில் அடுக்கியிருக்கும் வாசனை வாஷ்களால் உள்ளே கழுவுவதும் அப்படித்தான். அது அமிலத்தைக் கரைத்து, சமநிலையை மேலும் குலைக்கிறது. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

கிரிஸ்பேட்டஸையே மருந்தாக்கும் முயற்சி நடக்கிறது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பி.வி.க்கு சிகிச்சை முடித்த 228 பெண்களில் ஒரு பகுதியினருக்கு உயிருள்ள கிரிஸ்பேட்டஸ் தூள் வைக்கப்பட்டது. 12 வாரங்களில் பி.வி. திரும்பியவர்கள் 30 சதவீதம். வெற்றுத் தூள் வைத்தவர்களில் 45 சதவீதம். அவர்கள் யாரும் கர்ப்பிணிகள் அல்ல. கர்ப்பத்தில் இது பனிக்குடத்தைக் காக்குமா என்பது இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டும்.

2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முடிவு ஆண்கள் படிக்க வேண்டியது. பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்தபோது 12 வாரங்களில் 63 சதவீதம் பேருக்கு பி.வி. திரும்பியது. கணவர் அல்லது துணைவருக்கும் சேர்த்து மருந்து தந்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. ‘சுத்தமாக இருக்கத் தெரியவில்லை’ என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்களும், ‘இது பொம்பள சமாச்சாரம்’ என்று வெளியே நிற்கும் கணவர்களும் கவனிக்க வேண்டிய கணக்கு.

நம் பெண்களின் தரவு

இதுவரை சொன்ன பெரிய சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவில் நடந்தவை. ரத்தசோகை பாதிக்குப் பாதி இருக்கும் மைசூரு கிராமத்துக்கு பிரான்சின் முடிவு அப்படியே பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் 2015-இல் ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் தொடங்கிய ‘கர்ப்-இனி’ ஆய்வு, ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளை ஆரம்ப வாரங்களிலிருந்தே பின்தொடர்ந்து, ரத்தம், ஸ்கேன் படம், பிறப்புறுப்பு மாதிரி எல்லாவற்றையும் சேமித்துவருகிறது. அந்த மாதிரிகளிலிருந்து குறைப்பிரசவத்தின் பாக்டீரியா அடையாளங்களைத் தேடும் கட்டுரைகள் வரத் தொடங்கிவிட்டன. தெற்கிலும் இப்படி ஒரு தொடர் ஆய்வு வேண்டும்.

நீர் உடைந்த பிறகு குழந்தையைக் காப்பதில் மருத்துவம் ஏற்கெனவே தேறியிருக்கிறது. நுரையீரலை முதிரவைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசியை இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,852 தாய்மார்களிடம் உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. 2020-இல் வந்த முடிவு: ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும், போடாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தன. விலை மலிந்த ஊசி. ஆனால் அது வேலை செய்யச் சில மணி நேரமாவது வேண்டும். ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டால் அந்த நேரம்தான் கை நழுவும்.

செய்ய வேண்டியவை இவை. எட்டாம் மாதமோ ஆறாம் மாதமோ, தண்ணீர் கசிந்தால் அது சிறுநீரா பனிக்குடநீரா என்று வீட்டில் ஆராய வேண்டாம். சுத்தமான நாப்கின் வைத்துக்கொண்டு, நீரின் நிறத்தையும் கசியத் தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, 108-ஐ அழையுங்கள். கர்நாடகத்தில் தாயி கார்டு, தமிழ்நாட்டில் பிக்மி எண்ணுள்ள அட்டை என எது இருக்கிறதோ அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தாம்பத்திய உறவு வேண்டாம். உள்ளே எதையும் வைக்க வேண்டாம். பச்சைக் குழந்தைகள் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். மைசூரில் அரசு செலுவாம்பா மருத்துவமனை போன்ற இடங்கள் இருக்கின்றன. நீர் உடையாதவர்கள், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் இலவசக் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போது, வெள்ளைப்படுதலில் வாடையோ நிற மாற்றமோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தால் அதை முதல் வருகையிலேயே சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கக் காகிதமும் நுண்ணோக்கியும் போதும் என்பதை மைசூரு கிராமங்களுக்குப் போன வேன்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. அந்த வசதியை ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஏற்படுத்தித் தருவது மாநில அரசுகளின் பொறுப்பு.